பாசிர் ரிஸ் ராப்புறா

கல்யாணமான இரண்டாம் வருடம் என் கணவருக்குப் பாசிர் ரிஸ் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் கிராணி வேலை கிடைத்தது. காலையில் ஆள் கணக்கெடுப்பது, கொப்பரை எடை போடுவது, துரை கேட்கிற கேள்விக்கெல்லாம் தலையாட்டுவது. ஜப்பான்காரன் வந்த பெரிய சண்டை தொடங்குவதற்குச் சில வருடங்கள் முந்தைய கதை இது. அதுவரை நான் சிராங்கூன் சாலையை விட்டு வெளியே ஒரு ராத்திரி தங்கியதில்லை. பிறந்தது வளர்ந்தது எல்லாம் அந்தச் சாலையோரத் தேக்காவில், மாட்டுக் கொட்டகைகளுக்கு நடுவில். ராத்திரியானால் எருமை செருமும், வண்டிச் சக்கரம் கிறீச்சிடும், யாராவது ரிக்‌ஷாக்காரரோடு கூலிக்குச் சண்டை போடுவார்கள். அதில்தான் எனக்குத் தூக்கம் வரும்.

தோட்டத்து வீடு கட்டைக்கால்கள் மேல் நிற்கிற பலகை வீடு. மேலே அத்தாப்பு ஓலை. பின்னால் ஓர் ஓடை போய்ச் சதுப்பில் கலந்தது. போன அன்று சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்தேன், யாரோ பலகையைத் தட்டினார்கள். டொக். டொக். டொக்.

"யாருங்க?" என்றார் என் கணவர். விளக்கைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். ஆள் இல்லை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்ததும் மறுபடி டொக், டொக்.

"தட்டிட்டு ஒளிஞ்சுக்கறான்" என்று அவர் பல்லைக் கடித்தார். இந்த முறை கதவுக்குப் பின்னாலேயே கையில் கட்டையோடு நின்றுகொண்டார். தட்டு விழுந்ததும் கதவைப் படீரென்று திறந்து "பிடிச்சேன்!" என்று கத்தினார். வெளியே நிலாவும் தென்னைமரங்களும்தான் இருந்தன. தட்டுச் சத்தம் இப்போது கிணற்றடிப் பக்கமிருந்து வந்தது. நான் போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். பயந்து அழுகிறேன் என்று நினைத்து அவர் எனக்குத் தைரியம் சொன்னார்.

மறுநாள் தோட்டத்து வாசலில் இருந்த மளிகைக் கடையில் விஷயம் தெரிந்தது. கடைக்காரர் நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து வெகுகாலம் ஆனவர். அவர்கள் வழக்கத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். "பறவையப் பத்தி காக்காகிட்ட கேக்காம வேற யாருகிட்ட கேக்கறது?" என்று என் கணவர் போகும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பார். காக்கா முதல் தடவை மட்டும் சிரித்தார்.

"அது ஒரு குருவி தங்கச்சி. தரையில உக்காந்துக்கிட்டுக் கத்தும். மலாய்க்காரங்க புரோங் துக்காங்னு சொல்லுவாங்க. துக்காங்னா ஆசாரி. ராத்திரி பூரா சுத்தியல் அடிக்கும், ஒரு நாற்காலிகூட செஞ்சு முடிக்காது" என்றார் அவர். தோட்டத்து ஆட்கள் மாலையில் அவர் கடை வாசலில் உட்கார்ந்து, அடுத்த முறை அது எத்தனை தட்டுத் தட்டும் என்று பீடியைப் பந்தயம் வைப்பார்களாம்.

அன்றிலிருந்து எங்களுக்கு இதுவே பொழுதுபோக்காகிவிட்டது. விளக்கேற்றியதும் படியில் உட்காருவோம். ஒரு குரல் வந்தால் யார் முதலில் பேர் சொல்வது என்று போட்டி. ஓடைப் பக்கம் குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டுவது போலக் கொக்கரித்தால் கானாங்கோழி. தலைக்கு மேலே ஒரே ஒரு முறை "க்வாக்" என்று துப்பிவிட்டுப் போனால் ராக்கொக்கு, அதாவது வக்கா. கடல் பக்கமிருந்து யாரோ விரலை மடக்கி விசிலடிப்பது போல வரிசையாக வந்தால் வெளிநாட்டிலிருந்து வந்து சேற்றில் மேய்கிற உள்ளான் கூட்டம். இதில் இரண்டு பேருமே அசடு வழிந்திருக்கிறோம். மழை பெய்த ஒரு நாள் வீட்டுக்கடியிலிருந்து "ஊவ்... ஊவ்..." என்று கனமாக ஒரு குரல் வந்தது. "இது பெரிய நாரை. சத்தியமா நாரை" என்று என் கணவர் குனிந்து பார்க்கப் போனார். வாய்க்காலில் தொப்பையை ஊதிக்கொண்டு ஒரு தவளை மிதந்தது. நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததற்குப் பலன் அடுத்த வாரமே கிடைத்தது. "தொக்கே! தொக்கே!" என்று கத்துகிற பறவை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நான் பெருமையடித்தேன். அது பரணில் இருந்த முழ நீளப் பல்லி.

எங்கள் வீட்டுக்கு மிக நெருக்கமாக இருந்த குரல் இவை எதுவுமில்லை. அடுக்களைக்குப் பின்னால் தலை போன ஒரு பட்ட தென்னை நின்றது. இருட்டினால் அங்கிருந்து மெதுவாக "ஹூ" என்று ஒரு குரல் வரும். கொஞ்சம் பொறுத்து மறுபடி ஒரு "ஹூ". அவ்வளவுதான். சூடான காப்பியை ஊதிக் குடிக்கிறவர் போல அவசரமில்லாத குரல். சின்ன ஆந்தை. காக்காதான் சொன்னார். ஆந்தைக்கு மலாயில் புரோங் ஹந்து என்று பேராம். புரோங் என்றால் பறவை. ஹந்து என்றால் பேய்.

இப்படி இருக்கையில் நான் முழுகாமல் இருந்தேன். அண்ணிக்குச் சொல்லி அனுப்பினோம். அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. தேக்காவில் அவர்களுக்குப் பால் வியாபாரம். அண்ணி தெருமுனையில் நின்று கூப்பிட்டால் எருமை மட்டுமில்லை, எருமை மேய்க்கிறவனும் ஓடி வருவான். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். தோட்டத்துத் தேங்காயைத் தேக்காவுக்கு ஏற்றிப் போகிற வண்டிக்காரர் திரும்பி வரும்போது, ஒரு தகரப் பெட்டியோடும் ஊறுகாய் ஜாடியோடும் அண்ணியையும் கொண்டுவந்து இறக்கினார்.

அன்று மாலை அண்ணி என் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார். பட்ட தென்னையிலிருந்து "ஹூ" என்றது.

அண்ணியின் கை அப்படியே நின்றது. "என்னடி அது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மறுபடி "ஹூ".

"ஐயையோ, சாக்குருவி! வாயும் வயிறுமா இருக்கற வீட்டுல சாக்குருவியா?" அண்ணி அடுக்களைக்கு ஓடினார். உப்பையும் மிளகாயையும் எடுத்து என்னைச் சுற்றி அடுப்பில் போட்டார். அத்தாப்பு வீட்டில் புகை போக இடமேது? மூவரும் இருமி இருமிப் படியில் வந்து விழுந்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டே அண்ணி தீர்ப்புச் சொல்லிவிட்டார். "தம்பி, நாளைக்கே வண்டியச் சொல்லு. இவளத் தேக்காவுக்கு அழச்சுட்டுப் போறேன். பிரசவமாகி மூணு மாசம் கழிச்சுத்தான் அனுப்புவேன்."

அண்ணி வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பின்கட்டு அறை. ஜன்னல் கிடையாது. வருகிற போகிற பெண்கள் எல்லாம் வயிற்றைத் தொட்டுப் பார்த்து ஆளுக்கொரு கஷாயம் சொல்வார்கள். நான் என் கணவரைப் பார்த்தேன். அவருக்கோ சமைக்கத் தெரியாது, தனியாகத் தூங்கப் பயம்.

"அக்கா, அது ஆந்தை இல்லக்கா" என்றார் அவர். "புறா."

"புறாவா?"

"ராப்புறா. இந்தப் பக்கம் மட்டும்தான் இருக்கு. பகல்ல தூங்கும், ராத்திரிதான் கூவும்." அண்ணியின் முகம் இன்னும் தெளியாததைப் பார்த்து அவர் ஒரு படி மேலே போனார். "மாசமா இருக்கற வீடு பாத்துத்தான் வந்து ஒக்காரும்னு சொல்றாங்க. ரொம்ப ராசியான புறா."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். இருமலை மறுபடி வரவழைத்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

ஆனால் அண்ணி தம்பி சொன்னதை அப்படியே நம்புகிறவர் இல்லை. மறுநாள் காலை நேராகக் காக்கா கடைக்குப் போனார். நானும் பின்னாலேயே மூச்சு வாங்க நடந்தேன். என் கணவர் விடியலிலேயே போய்க் காக்காவிடம் கெஞ்சியிருந்தார். காக்காவின் சங்கடம் என்னவென்றால், ஐந்து வேளை தொழுகிற அவர் பொய் சொல்லமாட்டார்.

"பாய், எங்க வீட்டுப் பின்னால ராத்திரி ஹூ ஹூன்னு ஒண்ணு கூவுதே. அது என்ன?" என்றார் அண்ணி.

காக்கா அரிசி மூட்டையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "அது... புரோங், அக்கா."

"புரோங்னா பறவைன்னு எனக்குத் தெரியாதா? நான் தேக்காவுல பால் ஊத்தறவ. என்ன புரோங்?"

"ராத்திரியில கூவுற புரோங்."

"பகல்ல?"

"தூங்கும்."

"நம்ம தம்பி சொன்னது சரிதான்" என்று அண்ணி என்னிடம் சொன்னார். காக்கா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கேட்காமலே ஒரு கட்டு வெற்றிலையை எடுத்து அண்ணி கையில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நாங்கள் எதிர்பார்க்காதது. அண்ணிக்கு ராப்புறாவின் மேல் பித்துப் பிடித்துவிட்டது. தேக்காவுக்குப் போகிற பேச்சை விட்டு, பிரசவம் வரை எங்களோடேயே தங்கிவிட்டார். விளக்கேற்றியதும் எங்களுக்கு முன்னால் படியில் வந்து உட்கார்ந்துவிடுவார். அது கூவினால்தான் சாப்பாடு. நாங்கள் விளையாடிய போட்டியிலும் சேர்ந்துகொண்டார். சில வாரங்களில் எங்கள் இருவரையும் தூக்கிச் சாப்பிட்டார். நாற்பது மாடு கத்தினால் அதில் எந்த மாட்டுக்குப் பசி, எந்த மாட்டுக்குக் கன்று ஞாபகம் என்று பிரித்துச் சொல்லிப் பழகிய காது அது. கானாங்கோழி எந்தக் கரையில் இருக்கிறது என்று சொல்வார். ஆசாரிக் குருவி இடம் மாறினால் சொல்வார். ஆட்களின் பந்தயத்தில் ஒருநாள் வெற்றிலையை வைத்து அவர்கள் பீடியை எல்லாம் ஜெயித்துவிட்டு, பீடி பிடிக்கிற வழக்கம் இல்லாததால் மறுநாள் திருப்பிக் கொடுத்தார்.

ஒரு மாலை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கையை உயர்த்தி எங்களை அடக்கினார். "கேளுங்க. ரெண்டு புறா இருக்கு."

எங்களுக்கு ஒன்றுதான் கேட்டது.

"தடிச்ச குரலா வந்து கடைசில கீழ எறங்குது பாரு, அது ஆம்பிள. மெல்லிசா மேல ஏறுது பாரு, அது பொம்பிள. ஆம்பிள கூப்பிட்டா அவ உடனே பதில் சொல்லல. கொஞ்சம் காக்க வெச்சுத்தான் சொல்றா. கெட்டிக்காரி."

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். உண்மைதான். இத்தனை மாதமும் இரண்டு ஆந்தைகள் பேசிக்கொண்டிருந்ததை ஒன்று என்று நினைத்திருந்தோம்.

வண்டிக்காரர் தேக்காவுக்குப் போகும்போதெல்லாம் அண்ணி செய்தி சொல்லி அனுப்பினார். தம்பி வீட்டில் ராசியான புறா ஜோடி ஒன்று குடியிருக்கிறது, வேறு யார் வீட்டுக்கும் அது வருவதில்லை. பால் வாங்குகிற வீடுகளில் எல்லாம் பேச்சு பரவியது. அண்ணியின் கொழுந்தனார் அதில் ஒரு ஜோடி பிடித்து அனுப்ப முடியுமா என்று கேட்டு ஆள் அனுப்பினார். கூண்டில் வைத்தால் ராசி போய்விடும் என்று என் கணவர் பதில் அனுப்பினார். பொய்யை வளர்ப்பதில் அவருக்கு இப்போது ஒரு கைப்பழக்கமே வந்துவிட்டது.

எனக்கு வலி கண்டது ஒரு மாலை நேரம். பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, பிடான் என்று அவர்கள் சொல்கிற மருத்துவச்சி வந்தார். கை சுத்தம், நிதானமான பேச்சு, நல்ல மனுஷி. எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. இருட்டியதும் பட்ட தென்னையில் "ஹூ" என்றது.

மருத்துவச்சி ஜன்னல் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு சிரிப்பு. "ஓ, புரோங் ஹ..."

நான் வீடே அதிர அலறினேன்.

"கத்தாதடி, இன்னும் நேரமிருக்கு" என்றார் அண்ணி. மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் குழப்பத்தோடு தலையை ஆட்டினார். அலறுகிற அளவுக்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பொம்பிள ஆந்தை பதில் சொன்னது. மருத்துவச்சி மறுபடி ஜன்னலைக் காட்டி, "புரோங்..." என்றார். நான் மறுபடி அலறினேன். வெளியே என் கணவர் படியில் முட்டிக்கொண்டு விழுந்த சத்தம் கேட்டது. மூன்றாவது தடவை நான் அலறியபோது அது நிஜமான வலி. ஆனால் அதற்குள் யாரும் என்னை நம்பத் தயாராக இல்லை.

பெண் குழந்தை பிறந்தது. நல்ல நிறை, நல்ல குரல். "புறா வந்து சொல்லிட்டுப் போச்சு. அதான் சுகமாப் பொறந்திருக்கா" என்று அண்ணி குழந்தையை ஏந்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

குழந்தைக்குக் கழுத்து நிற்பதற்கு முன்னால் ஒரு பெருங்காற்று அடித்தது. காலையில் பார்த்தால் பட்ட தென்னை பாதியில் முறிந்து கிடக்கிறது. அண்ணி பின்பக்கமிருந்து முந்தானையைக் குவித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ராப்புறாக் குஞ்சுடி! பொந்தோட விழுந்து கெடக்கு. பாவம்!"

முந்தானைக்குள் பஞ்சு உருண்டை மாதிரி ஒன்று இருந்தது. அது தலையைத் தூக்கியது. முகத்தில் பாதி கண். நடுவில் கீழ்நோக்கி வளைந்த குட்டி அலகு. என் கணவர் கொப்பரைக் கொட்டகைக்குப் போயிருந்தார். நான் தனியாக மாட்டிக்கொண்டேன்.

"மூக்கு ஏன் இப்படி வளஞ்சிருக்கு?" என்றார் அண்ணி.

"குஞ்சுல அப்படித்தான் இருக்குமோ என்னமோ அண்ணி."

அண்ணி ஊறவைத்த பச்சைப் பயறு கொடுத்தார். அது தொடவில்லை. நொய் அரிசி கொடுத்தார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அவமானப்பட்டது போல உட்கார்ந்திருந்தது. அப்போது ஒரு கரப்பான் அதன் எதிரே ஓடியது. டபக். கரப்பானின் ஒரு கால் மட்டும் அலகுக்கு வெளியே ஆடியது.

"புறா பூச்சி தின்னுமா?" அண்ணி இதை என்னிடம் கேட்கவில்லை. தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு பகல் முழுக்க அந்த வளைந்த அலகையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

குஞ்சைத் தென்னைநார் பரப்பிய கூடையில் வைத்து, வாசல் கைப்பிடிக் கட்டையில் கட்டித் தொங்கவிட்டோம். மாலையில் அண்ணி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். பொழுது சாய்ந்தது. சிறகுச் சத்தமே இல்லாமல் ஒன்று வந்து கைப்பிடிக் கட்டையில் உட்கார்ந்தது. வாயில் ஒரு வெட்டுக்கிளி. தலையில் இரண்டு காது போல இறகு விடைத்துக்கொண்டு நின்றது. கரிய பெரிய கண்ணால் அண்ணியைப் பார்த்தது. அண்ணி அதைப் பார்த்தார். அது குஞ்சுக்கு ஊட்டிவிட்டு, நாங்கள் இத்தனை மாதமும் கேட்ட அதே குரலில், அண்ணிக்கு இரண்டு முழ தூரத்தில், "ஹூ" என்றது.

என் கணவர் கால் கழுவிவிட்டுப் படியேறி வந்தார்.

"தம்பி, இங்க வா" என்றார் அண்ணி, மிகவும் மெதுவாக. "ஒன் புறாவுக்குக் காது மொளச்சிருக்கு."

"அக்கா... மலாய்ப் புறாவுக்குக் கொஞ்சம்..."

"வாய மூடு."

அண்ணி உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து புடவைகளை அடுக்க ஆரம்பித்தார். காலையில் தேங்காய் வண்டியில் போய்விடுவதாகச் சொன்னார். என் கணவர் கதவருகில் நின்று, சின்ன வயதில் அக்காவிடம் அடி வாங்கியபோது நின்றிருப்பாரே, அப்படியே நின்றார். எனக்கு அழுகை வந்தது. ஆந்தைக்காக இல்லை. தன் பிள்ளை போல வளர்த்த தம்பியே ஏமாற்றிவிட்டான் என்று அந்த முதுகு சொல்லிக்கொண்டிருந்தது.

வெளியே ஆம்பிள ஆந்தை கூப்பிட்டது. அண்ணியின் கை ஒரு புடவையோடு நின்றது. நாங்கள் மூவருமே எதற்காகக் காத்திருந்தோம் என்று எங்களுக்குத் தெரியும். கொஞ்சம் காக்கவைத்து, பொம்பிள பதில் சொன்னது.

அண்ணி பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒனக்கு மொதல்லேர்ந்தே தெரியுமா?" என்றார் என்னைப் பார்த்து.

"தெரியும் அண்ணி. தேக்காவுக்கு வரவேண்டாம்னுதான்..."

"எங்க வீட்டுக்கு வர அவ்வளவு பயமா?"

"கஷாயத்துக்குத்தான் பயம் அண்ணி."

அண்ணி கையிலிருந்த புடவையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "அந்தப் பிடானும் ஜன்னலக் காட்டி என்னமோ சொல்ல வந்துதே. நீ அலறினியே. அது வலியா?"

"முதல் ரெண்டும் இல்ல அண்ணி."

அண்ணியின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து என் கணவர் பதறிப் போய்க் காலில் விழுந்தார். அண்ணி சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே தம்பியின் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார். குழந்தை விழித்து அழுதது, குஞ்சு சீறியது, அண்ணி இரண்டையும் ஒரே அதட்டலில் அடக்கினார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இது ஆந்தைங்கறது இந்த வீட்டோட இருக்கணும். தேக்கா பூரா நான் புறான்னு சொல்லி வெச்சிருக்கேன். நாளைக்கு நான் அங்க தலநிமிந்து நடக்க வேண்டாமா?"

குஞ்சு இறகு முளைத்துப் பறக்கிற வரைக்கும் அண்ணி இருந்தார். வெட்டுக்கிளி பிடித்துப் போடுகிற வேலையைத் தம்பிக்குத் தண்டனையாகக் கொடுத்தார். தோட்டத்து ஆட்கள் பார்த்துச் சிரிக்க, கிராணி புல்லுக்குள் குனிந்து குனிந்து ஓடினார். ஒருநாள் கூடை காலியாக இருந்தது. அதற்கடுத்த தேங்காய் வண்டியில் அண்ணியும் தேக்காவுக்குப் புறப்பட்டார்.

அவர் போன பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. ஆந்தை ஜோடி பக்கத்துப் பலாமரத்துக்குக் குடிபோயிருந்தது. புது மரத்திலிருந்து வந்த குரலைக் கேட்டு என் கணவர் ஆம்பிள என்றார். நான் பொம்பிள என்றேன். அடுத்த நாள் நான் ஆம்பிள என்றேன், அவர் பொம்பிள என்றார். தீர்ப்புச் சொல்ல ஆளில்லை. சாப்பாட்டில் உப்புக் குறைகிற அளவுக்குச் சண்டை போனதும், வண்டிக்காரரிடம் சொல்லி அண்ணியிடம் கேட்டு வரச் சொன்னோம்.

வண்டிக்காரர் திரும்பி வந்து காக்கா கடை வாசலில் மாட்டை அவிழ்த்தார். ஆட்கள் எல்லாம் உட்கார்ந்திருந்த நேரம். நாங்கள் இருவரும் ஓடினோம்.

"அக்கா என்ன சொன்னாங்க?"

வண்டிக்காரர் தலையைச் சொறிந்தார். பெரிய மீசை வைத்த, யாரோடும் அதிகம் பேசாத மனிதர். "சொன்னாங்க. ஆனா வாயால சொன்னாப் புரியாதாம். செஞ்சு காட்டணுமாம். என்னை அங்கயே நிக்க வெச்சு, சரியா வர்ற வரைக்கும் விடல. எங்கிட்ட என்னத்துக்குலா இதெல்லாம்?"

"செஞ்சு காட்டுங்கண்ணே" என்றேன்.

அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். ஒரு முறை தொண்டையைக் கனைத்தார். பிறகு அத்தனை பேர் முன்னாலும் தாடையைக் கழுத்தில் புதைத்துக்கொண்டு, தடித்த குரலில், கடைசியில் கீழே இறங்குகிற மாதிரி ஒரு "ஹூ" வைத்தார். காக்கா தராசைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இது ஆம்பிள" என்றார் வண்டிக்காரர். மீசையை ஒருமுறை தடவிக்கொண்டு, கண்ணை மூடி, மெல்லிசாக அடுத்ததற்கு ஆயத்தமானார்.